ஒரு மரமும் இரண்டு அங்குலமும்

எங்கள் பட்டறையில் பொய் சொல்லாமல் ஒரு ஜன்னலும் செய்ததில்லை. வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஜன்னல் செய்கிறவன் நான். மரம் அறுக்கிறவரும் கதவு செய்கிறவரும் என் அக்காவின் கணவர், எனக்கு மாமா. நாற்பத்தெட்டு அங்குலத்தில் ஒரு சட்டம் வேண்டுமென்றால் நான் அவரிடம் ஐம்பது என்பேன். அவர் "சரி மாப்ள" என்று பவ்வியமாகத் தலையாட்டிவிட்டு, நாற்பத்தெட்டிலேயே அறுத்துக் கொண்டுவந்து போடுவார். இருபது வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. செய்த ஜன்னல் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின.

இதை முதலில் ஆரம்பித்தது யார் என்று கேட்டால், மரம் முந்தியா விதை முந்தியா கதைதான். நான் சேர்ந்த முதல் வாரமே அவர் அளவைக் குறைத்து அறுத்தார், அதனால் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தேன் என்பது என் கட்சி. நான் சேர்ந்த முதல் வாரமே அளவைக் கூட்டிச் சொன்னேன், அதனால் குறைத்து அறுக்க ஆரம்பித்தார் என்பது அவர் கட்சி. விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் ஒரே கூரைக்குக் கீழே தொழில் செய்தால் வேறெப்படி இருக்கும்?

"ஜன்னல்காரனுக்கு மரம் எங்க கண்ணுக்குத் தெரியுது? ஓட்டை மட்டும்தான் தெரியும்" என்பார் மாமா, வருகிறவர் போகிறவரிடமெல்லாம்.

"கதவு செய்ய என்ன மூளை வேணும்? பலகையை நிமித்தி வச்சா அதுதான் கதவு" என்பேன் நான், அவர் காதில் விழும்படி.

நடுவில் உட்கார்ந்திருப்பவள் அக்கா. பட்டறை வாசலை ஒட்டி அவளுக்கு ஒரு மேஜை. அதன்மேல் எப்போதும் ஒரு படலம் மரத்தூள், தூளுக்கு மேல் மரப்புத்தகம். நாங்கள் வாங்குவது காட்டுக் கூட்டுறவின் மரம் மட்டும்தான். அங்கே எந்த மரத்தை வெட்டலாம் என்று மேற்பார்வையாளர் அம்மா நடந்து பார்த்து வண்ணப்பூச்சால் ஒரு கோடு போட்டால்தான் வெட்டுவார்கள். ஒன்றை வெட்டினால் நான்கு கன்று நடுவார்கள். ஒரு பகுதியில் வெட்டி முடித்தார்கள் என்றால் எட்டு வருஷத்துக்கு அந்தப் பக்கம் கோடரி போகாது. வெட்டிய மரத்துக்கும் வேரோடு நிற்கும் அடிக்கட்டைக்கும் ஒரே எண். அந்த எண்ணோடு பட்டறைக்கு வருகிற மரம் எத்தனை பலகை ஆனது, எத்தனை சட்டம் ஆனது, எவ்வளவு தூளாகப் போனது என்று அக்கா எழுதிவைக்க வேண்டும். எழுதுவாள். தூளைக்கூடச் சாக்கில் அள்ளி எடை பார்த்து எழுதுகிற ஜாதி அவள்.

அப்படிப்பட்டவள் வீடு கட்டினாள். இருபத்திரண்டு வருஷம் வாடகை வீட்டில், மழை வந்தால் ஊதிக்கொண்டு திறக்காத, வெயில் வந்தால் சுருங்கிக்கொண்டு மூடாத கதவுகளோடு மல்லுக்கட்டியவள். எட்டு ஜன்னல், ஒரு வாசல் கதவு. எல்லாம் ஒரே மரத்தில் வரவேண்டும் என்றாள். காட்டில் அவள் முறை வர நான்கு வருஷம் காத்திருந்தாள். முறை வந்தபோது தானே போய்த் தேக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை வெட்டும்வரை நின்று பார்த்துவிட்டு, வழியெல்லாம் திரும்பித் திரும்பிக் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என்னக்கா, சம்பந்தி வீட்டுக்குப் பொண்ணை அனுப்பின மாதிரி மூஞ்சிய வச்சிருக்க?" என்றேன்.

"எழுபது வருஷம் நின்ன மரம்டா. எனக்காக விழுந்திருக்கு. ஒழுங்கா செய்யணும்" என்றாள்.

மரம் வந்து பலகையானதும், காற்றுப் போக நடுநடுவே குச்சி வைத்து நிழலில் அடுக்கினோம். ஒன்றரை வருஷம். ஈரம் பார்க்கிற மீட்டரை மாதம் ஒரு தரம் நான் குத்துவேன். தினம் ஒரு தரம் அக்கா குத்துவாள். "காய்ச்சல் பார்க்கிற மாதிரி பார்க்காத, அது பாட்டுக்குக் காயட்டும்" என்று மாமா சத்தம் போடுவார். ஆனால் அவர் யோக்கியதையும் தெரியும். அடுக்கில் வைரம் பாய்ந்த நான்கு பலகைகளை மட்டும் தனியே எடுத்து, கதவுக்கென்று சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். எட்டடி ஓரங்குலம் நீளம், ஒரு கணு கிடையாது. போகும்போதும் வரும்போதும் அவற்றைக் கையால் ஒரு தடவு தடவாமல் நகர மாட்டார். கல்யாணமான புதிதில் அக்காவுக்கு ஒரு வாக்கு கொடுத்திருந்தாராம்: சொந்த வீட்டுக் கதவில் மேலிருந்து கீழே முழுப்பலகை, நடுவில் குறுக்கே ஒட்டு இருக்காது என்று. வாக்கு கொடுத்தவருக்கு வீடு கட்டித்தர இருபத்திரண்டு வருஷம் ஆனதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் வாயை மூடத் தெரியும்.

எட்டு ஜன்னலுக்கும் வாசலுக்கும் நிலைகளை முதலில் செய்து சுவரில் நிறுத்தினோம். வழக்கம்போல நான் கூட்டிச் சொன்னேன், அவர் கழித்து அறுத்தார், எல்லாம் சரியாக வந்தது. அப்போதுதான் கூட்டுறவிலிருந்து வருஷாந்திரத் தணிக்கைக்கு ஒருவர் வந்தார். கண்ணாடி போட்ட, மிக மரியாதையான மனிதர். அக்காவின் புத்தகத்தைப் புரட்டினார். நான் எழுதிக்கொடுத்த அளவுப் பட்டியலைப் பார்த்தார். எழுந்துபோய் அறுத்த சட்டங்களை அளந்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"மேடம், பட்டியல்ல இருக்கிற அளவுக்கும் துண்டுக்கும் ஒவ்வொண்ணுலயும் ரெண்டு இஞ்ச் வித்தியாசம் இருக்கு. போன வருஷத்துப் பட்டியல் முழுக்கக் கூட்டினா கிட்டத்தட்ட ஒரு முழு மரத்தைக் காணோமே?"

இல்லாத மரத்தைக் காணவில்லை! அக்காவின் முகம் சிவந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். இருபது வருஷமாக எங்களுக்குள் நடக்கும் கூத்தை அவள் அந்த மனிதரிடம் விளக்கினாள். அவர் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு எதையோ எழுதினார். அந்த நேரம் பார்த்து நான் பின்வாசல் வழியாகத் தேநீர்க் கடைக்கு நழுவினேன். மாமா எனக்கு முன்பே அங்கே உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அக்கா என் மேஜைக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அடுத்தது ஜன்னல் கதவுகளுக்கு நெட்டுச் சட்டம் அறுக்கணும், ஜன்னலுக்கு நாலு. முப்பத்திரண்டு. என் மரத்துல உன் விளையாட்டு வேண்டாம்டா. என்ன வேணுமோ அதை மட்டும் சொல்லு. ஒரு துண்டு வீணானாலும் இன்னொரு மரம் கிடையாது, உனக்கே தெரியும்."

"சத்தியமா அக்கா."

இதையே வீட்டுக்குப் போய் மாமாவிடமும் சொன்னாளாம். அவரும் தலையாட்டினாராம். மாமா தலையாட்டினால் அவருக்குக் காது கேட்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. கல்லுளிமங்கன் என்று அக்கா அவருக்குப் பெயர் வைத்தது சும்மா இல்லை.

மறுநாள் காலை அவர் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "மாப்ள, ஜன்னல் சட்டம் என்ன நீளம்?" என்று கேட்டார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் உண்மையைச் சொன்னேன். "நாப்பத்தெட்டு மாமா."

"சரி மாப்ள."

ரம்பத்தில் ஒரு வசதி உண்டு. வேண்டிய நீளத்தில் ஒரு கட்டையைப் பூட்டிவிட்டால், பலகையை அதில் முட்டக் கொடுத்து முட்டக் கொடுத்து எத்தனை வேண்டுமானாலும் ஒரே அளவில் அறுத்துத் தள்ளலாம். ஒரு தடவை சரியாகப் பூட்டினால் முப்பத்திரண்டும் சரி. ஒரு தடவை தப்பாகப் பூட்டினால், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அறுத்து வந்த சட்டங்களை நான் இரண்டு நாள் உட்கார்ந்து நாலு பக்கமும் இழைத்தேன். கண்ணாடி மாதிரி வந்தன. அளந்து பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். இல்லை. இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட அளந்ததில்லை. கழிப்பதில் அந்த மனிதர் அவ்வளவு நாணயஸ்தர்.

மூன்றாம் நாள், கீல் வைக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளலாம் என்று நான்கு சட்டங்களைத் தோளில் வைத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போனேன். அக்கா உள்ளே சிமெண்ட் தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். முன்னறை ஜன்னலின் நிலையில் ஒரு சட்டத்தை நிறுத்தினேன். கீழே உட்கார்ந்தது. மேலே இரண்டு அங்குலத்துக்கு வானம் தெரிந்தது.

என்ன செய்தேன் தெரியுமா? சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தேன். இருபது வருஷ அனுபவம் உள்ள தச்சன்.

பெருக்குகிற சத்தம் நின்றது. அக்கா வந்து என் பக்கத்தில் நின்றாள். அந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"எல்லாமேவாடா?"

நான் அளவுநாடாவை எடுத்தேன். நாற்பத்தாறு. அடுத்தது நாற்பத்தாறு. அதற்கடுத்ததும் அதுதான். "அக்கா, நான் உண்மையைத்தான் சொன்னேன்" என்றேன்.

பட்டறைக்கு ஓடினேன். மாமா தன் பலகைகளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மாமா, எவ்வளவுல அறுத்தீங்க?"

"நீ எவ்வளவு சொன்ன?"

"நாப்பத்தெட்டு."

"அப்ப வேணும்கிறது நாப்பத்தாறு. அதுலதான் அறுத்தேன்."

"வேணும்கிறதே நாப்பத்தெட்டு மாமா!"

அவர் கை பலகை மேலேயே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் என்னை உற்றுப் பார்த்தார். நான் குடித்திருக்கிறேனா என்று சந்தேகப்பட்ட மாதிரி இருந்தது.

"உண்மையாவா சொன்ன?"

"ஆமா."

"உண்மையைச் சொல்லப் போறேன்னு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா? திடீர்னு இப்படிச் செஞ்சா மனுஷன் என்ன பண்ணுவான்?"

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அது எனக்கு அன்று நடந்தது. பிறகு நாங்கள் பேசியதை எழுத முடியாது. ஓட்டைக்காரன் என்றார். பலகை நிமிர்த்துகிறவன் என்றேன். "அக்கா உங்ககிட்டயும்தானே சொன்னா?" என்று கத்தினேன். "சொன்னா. ஆனா நீ திருந்துவேன்னு நான் கனவா கண்டேன்? ஒவ்வொண்ணுலயும் ரெண்டு இஞ்ச் மிச்சம் பிடிச்சா அவளுக்குச் சமையலறையில உக்கார ஒரு மணை செய்யலாம்னு நெனச்சேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. எனக்குச் சண்டையை எங்கே விட்டேன் என்று மறந்துபோனது.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. உள்ளே வந்து பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்தாள். நாங்கள் இருவரும் திட்டுக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றோம்.

"நான் என்ன பெருசா கேட்டேன்?" என்றாள். கத்தவில்லை. "தங்கம் கேட்டேனா? காசுமாலை கேட்டேனா? ஒரு மரம். நாலு வருஷம் முறைக்குக் காத்திருந்தேன். ஒன்றரை வருஷம் காயக் காத்திருந்தேன். ரெண்டு பேரும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒருத்தர் சொல்றதை ஒருத்தர் கேட்டிருந்தா போதும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையில் மரத்தூள் இருந்ததால் இன்னும் அதிகமாகக் கலங்கியது.

வெளியில் வேறு தேக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று நான் மெல்ல ஆரம்பித்தேன். ஆறு கடை தள்ளி, எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஒரு மரக்கடை உண்டு.

"இருபது வருஷமா வர்றவங்ககிட்ட எல்லாம் எண் இல்லாத மரம் வாங்காதீங்கன்னு நான் பேசிட்டு, என் வீட்டு ஜன்னல்ல அதை மாட்டவா? ஊருக்குத்தான் உபதேசமா?" என்றாள்.

நிலைக்குள் அடிப்பக்கம் இரண்டங்குலக் கட்டை வைத்து ஜன்னல் கதவைத் தூக்கி மாட்டலாம் என்றார் மாமா. தூக்கலாம். முதல் மழையிலேயே அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் அவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

பிறகு மாமா சுவரோரம் போனார். சாய்த்து வைத்திருந்த நான்கு பலகைகளில் முதலாவதைத் தோளுக்குத் தூக்கிக்கொண்டு ரம்பத்தை நோக்கி நடந்தார்.

"ஏங்க, அது கதவு" என்றாள் அக்கா.

"ஜன்னல் இல்லாத வீட்டுக்குக் கதவு எதுக்கு?" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பலகை எட்டடி ஓரங்குலம், தொண்ணூற்றேழு அங்குலம். பாதியாக வெட்டினால் நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு. ரம்பப்பல் தூளாக்கித் தின்கிற ஒரு நூலளவு போக ஓரங்குலத்துக்கும் குறைவாகத்தான் மீதி. அந்தப் பாதிகளை நெடுக்கில் நான்காகக் கிழித்தால் ஒரு பலகையில் எட்டுச் சட்டம். நான்கு பலகையில் முப்பத்திரண்டு. சொல்லி வைத்த மாதிரி சரியாக வந்தது. ஆனால் ஐம்பதில் அறுத்தால் ஒரு பலகையில் இரண்டு நீளம் வராது. ஒன்றுதான் வரும். பாதி ஜன்னல் அவ்வளவுதான். நாற்பத்தாறில் அறுத்தாலோ, கேட்கவே வேண்டாம்.

மாமா பலகையை ரம்பத்தின் மேல் கிடத்தினார். கட்டையின் திருகைத் தளர்த்தினார். நிமிர்ந்து பார்த்தார்.

"மாப்ள. என்ன நீளம்?"

நாற்பத்தெட்டு என்றால் பழக்கதோஷத்தில் நாற்பத்தாறுக்குப் போய்விடுவாரோ? ஐம்பது என்று சொன்னால் இன்றைக்கென்று பார்த்துத் திருந்தி ஐம்பதிலேயே அறுத்துவிடுவாரோ? எதிரே இருக்கிற மனிதரின் மண்டைக்குள் இந்த நிமிஷம் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் என்னைப் பற்றி அதே சந்தேகம்தான் என்பது அவர் கண்ணிலேயே எழுதியிருந்தது. இருபது வருஷமாக நாங்கள் பொய் சொன்னபோது இருவருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. உண்மைக்கு வந்ததும் ஒன்றுமே தெரியவில்லை. ஒரு குச்சியை அளவாக வெட்டிக் கையில் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். கொடுத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் அந்தக் குச்சி அவர் முகத்தில் அடித்த மாதிரி இருந்திருக்கும்.

அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கை முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

"நாப்பத்தெட்டு மாமா" என்றேன். "வேணும்கிறதும் நாப்பத்தெட்டு. சொல்றதும் நாப்பத்தெட்டு."

அவர் "சரி மாப்ள" என்று சொல்லவில்லை. "நாப்பத்தெட்டு" என்று திருப்பிச் சொன்னார். குனிந்து கட்டையைப் பூட்டினார்.

நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாகத் திரும்பி நின்று, ஏற்கனவே கூராக இருந்த உளியை மறுபடியும் தீட்டினேன். முதுகுக்குப் பின்னால் ரம்பம் கத்தியது. அவ்வளவு நல்ல பலகை அறுபடும் வாசனை பட்டறை முழுக்க நிறைந்தது. எனக்கு அழுகை வந்தது. மரத்தூள் கண்ணில் விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், தச்சனுக்கு அந்த ஒரு வசதி உண்டு.

முதல் எட்டுச் சட்டங்களை அவரே கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"அள" என்றார்.

"வேண்டாம் மாமா."

"அளடா."

அளந்தேன். நாற்பத்தெட்டு அங்குலமும் ஒரு நூலும். எட்டில் எல்லாவற்றிலும் அதே ஒரு நூல். அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

"அந்த ஒரு நூல் எதுக்கு மாமா?"

"நீ சொன்னதை நம்பிட்டேன். உன் இழைப்புளியை இன்னும் நம்பல" என்று சொல்லிவிட்டு அடுத்த பலகையைத் தூக்கப் போனார்.

எட்டு ஜன்னலும் மாட்டினோம். தட்டாமல், தேய்க்காமல், விரலால் தள்ளினால் போய் உட்கார்ந்தன. அக்கா ஒவ்வொன்றையும் நூறு தடவை திறந்து மூடினாள். ஆனால் வாசலில் நிலை மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மாமா அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனார். ஒரு மனிதர் தன் வீட்டு வாசலிலேயே கடன்காரனைப் போல நுழைவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

குட்டையாகிப்போன முப்பத்திரண்டும் பட்டறை மூலையில் கிடந்தன. மரப்புத்தகத்தில் அவற்றைக் கழிவு என்று எழுத வேண்டும். அக்கா நான்கு நாள் பேனாவைத் திறந்து திறந்து மூடினாள். ஐந்தாம் நாள் எழுந்துபோய் அவற்றைத் தரையில் பக்கம் பக்கமாக அடுக்க ஆரம்பித்தாள். பதினாறு வைத்ததும் மூன்றடி அகலம் வந்தது. அதன் தலைமாட்டில் இன்னொரு பதினாறு. எட்டி நின்று பார்த்தாள்.

"கதவு ஒண்ணாத்தான் இருக்கணும்னு யார் சொன்னது?" என்று கேட்டாள்.

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. எனக்கும்தான். அவளே விளக்கினாள். கீழே ஒரு பாதி, மேலே ஒரு பாதி. மேல் பாதியை மட்டும் திறக்கலாம், வேண்டுமானால் இரண்டையும் சேர்த்துத் திறக்கலாம். நாற்பத்தாறு அங்குலச் சட்டத்தில் ஏழடிக் கதவு வராது. ஆனால் மூன்றரை அடியில் இரண்டு வரும்.

"நான் உனக்கு முழுப்பலகைன்னு வாக்கு குடுத்தேன்" என்றார் மாமா.

"வாக்கு கெடக்குது. கதவைப் போடுங்க."

விளிம்பில் பள்ளமாகக் காடி வெட்டிச் சட்டத்தோடு சட்டம் இணைப்பது ஜன்னல் வேலை. முப்பத்திரண்டையும் தாங்கும்படி பின்பக்கம் குறுக்குக் கட்டை கொடுப்பது கதவு வேலை. ஆகவே இருபது வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் இருவர் கையும் ஒரே சாமானில் பட்டது. அந்தப் பத்து நாள் நாங்கள் பட்ட பாட்டை ஒரு தனிப் புத்தகமாக எழுதலாம். இறுக்கிப் பிடி என்பார், பிடித்தால் ஏன் இறுக்குகிறாய் என்பார். ஆனால் ஒவ்வொரு தடவையும் அளவு கேட்டார். ஒவ்வொரு தடவையும் உள்ளதைச் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் எனக்கு வாயில் பல் இல்லாத மாதிரி ஒரு கூச்சம். நாளானால் பழகிவிடும் என்று நினைக்கிறேன்.

மாட்டிய அன்று சாயங்கால வெயில் வாசலில் நேராக விழுந்தது. கீழ்ப்பாதியை நான் பிடித்துக்கொள்ள மாமா திருகினார். மேல்பாதியை அவர் பிடித்துக்கொள்ள நான் திருகினேன். நடுவில் இரண்டும் சேரும் இடத்தில் ஒரு தாள் நுழையும் இடைவெளி மட்டும் இருந்தது. மாமா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் சொன்ன கதவு இது இல்ல" என்றார் அக்காவிடம். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் மன்னிப்பு கேட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான். "அதுல மூணே ஒட்டுதான் இருந்திருக்கும். இதுல முப்பது ஒட்டு இருக்கு. எல்லாம் எங்க ரெண்டு பேர் புத்தி."

"ஆமா. வர்றவங்க கேட்டா அப்படித்தான் சொல்லப் போறேன்" என்றாள் அக்கா. கதவின்மேல் கையை வைத்தாள். முதலில் மேல்பாதியில், பிறகு கீழ்ப்பாதியில். "உங்க முழுப்பலகைக் கதவைப் போட்டிருந்தா இது என் வீட்டுக்காரர் செஞ்சதுன்னு மட்டும் சொல்லியிருப்பேன். என் தம்பி பேரே வந்திருக்காது. எனக்கு ரெண்டு பேரும் வேணும்ங்க. இவ்வளவு முட்டாளா இருந்தாலும் வேணும்."

மாமா சுத்தியைத் துடைத்தார். நான் என் காலைப் பார்த்தேன்.

"தள்ளுங்க, மூடிப் பார்க்கிறேன்" என்று அவள் உள்ளே போனாள். கீழ்ப்பாதி மூடியது. மேல்பாதியும் மூடியது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு மேல்பாதி திறந்தது, அவள் முகம் தெரிந்தது, எங்களைப் பார்க்காமல் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். மூடியது. திறந்தது. கீழ்ப்பாதி மட்டும் தனியாகத் திறந்து, மூடியது. உள்ளே அவள் தனக்குத் தானே சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பை நான் அவளுக்குப் பத்து வயசாக இருந்தபோது கேட்டிருக்கிறேன்.

கால்மணி நேரமானது. மாமா படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். எங்கள் சட்டை, தண்ணீர்ப் பாட்டில், சைக்கிள் சாவி எல்லாம் உள்ளே இருந்தன.

"திறக்கச் சொல்லேன் மாப்ள."

"நீங்க சொல்லுங்க மாமா. உங்க வீடு."

அவர் கையை ஓங்கிக்கொண்டு கதவருகே போனார். உள்ளே தாழ்ப்பாள் மறுபடியும் விழுந்தது, மறுபடியும் திறந்தது. ஓங்கிய கையை இறக்கிக்கொண்டு திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இருட்டும்வரை இரண்டு பேருமே தட்டவில்லை.